வெயிலுக்கு மானியம் இல்லை

"சார், பக்கத்து வீட்டுக்காரர் எங்க வெயிலை மறைக்கிறார். அதைத் தடுக்கச் சட்டம் இருக்கா, இல்லையா?"

கட்டட அனுமதிப் பிரிவு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கேட்ட கணவன் நின்றுகொண்டிருந்தான். மனைவி அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் தொடர்ந்தான். "எங்க அண்ணன் மூச்சு மெஷின்லதான் இருக்கார் சார். ராப்பகலா ஓடணும். கரண்ட் பில் கட்டி மாளலைன்னுதான் மொட்டை மாடியில சோலார் பேனல் வெச்சோம். இப்ப பக்கத்து வீட்டுக்காரர் அவர் மாடியில ரூம் எழுப்பினா, எங்களுக்குப் பாதி நாள் நிழல்தான்."

"மானியம் குடுத்து வைக்கச் சொன்னதே அரசாங்கம்தானே?" என்றாள் மனைவி.

"மானியம் பேனலுக்குத்தாம்மா, வெயிலுக்கு இல்ல. அவர் இடத்துல அவர் கட்டறார். மாடி கட்ட அந்தப் பகுதியில அனுமதி உண்டு. நேர்ல கேட்டுப் பார்த்தீங்களா?"

"யார்கிட்ட? அந்தக் கடுகடு மூஞ்சிகிட்டயா?" என்றாள் மனைவி. " பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர் சார். குறுக்க வந்தவங்களை முறைச்ச அதே முறைப்பு இன்னும் போகல. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு நினைப்பு!"

கணவன் குரலைத் தாழ்த்தினான். "அவர் வீட்டு சன்ஷேட் எங்க பக்கம் அரை அடி நீட்டிக்கிட்டிருக்கு. அதையாவது புகாரா எழுதிக்கோங்க. வேலை தன்னால நிக்கும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ரிட்டயர் ஆன பஸ் டிரைவரா? எந்தத் தெரு?"

சொன்னார்கள்.

"அங்க வேலை நின்னுடுச்சே, பார்க்கலையா?"

"சிமென்ட் வரலைபோலன்னு நினைச்சோம்."

"இல்லங்க. பிளானை மாத்தணும்னு இங்க வந்திருந்தார். மாடி ரூம் வேணாமாம். கீழயே முன்பக்கம் கட்டிக்கிறாராம். 'ரோட்டுக்கு விடவேண்டிய இடத்தை விட்டா, கார் நிக்கிற இடத்துலதான் சின்னதா ஒரு ரூம் வரும்'னேன். 'மக வந்து தங்க அது போதும், காரை வித்துடறேன்'னார்."

"ஏனாம்?"

"சுவர் எழும்பினா உங்க பேனல் மேல நிழல் விழும்னு கொத்தனார் சொல்லியிருக்கார். வீட்ல ஒருத்தர் மெஷின்ல இருக்கறது அவருக்கும் தெரிஞ்சிருக்கு."

மனைவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, முதல்ல அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு அப்புறம் நம்ம வீட்டுக்குப் போவோம். நம்ம அண்ணனுக்கு அவர்தான் மூச்சு குடுத்திருக்கார்."

கணவன் வாசல் வரை போய்த் திரும்பினான். "சார், அவரை யாரும் தடுக்க முடியாதுன்னு நீங்க அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே! 'பக்கத்து வீட்டுக்கு வெயில் விடணும்னு சட்டம் எதுவும் இல்லங்க, நீங்க தாராளமா கட்டலாம்'னேன்."

"அதுக்கு?"

"'சட்டம் இல்லாததாலதான் சார், நானே பார்த்து விடவேண்டியிருக்கு'ன்னார்."