பேசினால் போதும்

"இந்த மெஷின் முன்னாடி பேசினா போதும் பாய். உள்ள இருக்கிற நோய் கையைக் கட்டிக்கிட்டு வெளிய வந்து, தன் பேரு ஊரு எல்லாத்தையும் தானே சொல்லிடும்."

கூத்தாநல்லூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருந்த அருள்செல்வி இப்படிச் சொன்னபோது, ஜெக்கரியா சிரித்த சிரிப்பில் எதிர் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகள் சரிந்தன. கத்தாரில் இருபது வருடம் கிடங்கு மேஸ்திரியாக இருந்தவர். வீட்டை அப்படியே தூக்கி வைக்கிற கிரேன்களோடு புழங்கியவர், இந்த டப்பாவையா நம்புவார்?

அவருக்கு வேண்டியது நோய் அல்ல. நோய் இல்லை என்று ஒரு சர்டிஃபிகேட். அது இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று கத்தார் கம்பெனி சொல்லிவிட்டது. மகள் நஜ்மாவின் நர்சிங் படிப்பும், தளம் போடாமல் நிற்கிற வீடும் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தன.

"டப்பாவோட பேச எனக்கு நேரமில்ல. நீயே சொல்லு சைத்தூன்" என்று மனைவியை முன்னால் விட்டுவிட்டு, கம்பெனிக்குப் போன் போட ஜன்னலோரம் ஒதுங்கினார்.

அருள்செல்விக்கு இது அதிசயமாகப் படவில்லை. அந்த ஊர் ஆண்கள் டாக்டரிடம் நாக்கை நீட்டுவதோடு சரி. அதை அசைத்துப் பேசுகிற வேலை என்றைக்கும் மனைவிமார்களுடையது. ஜெக்கரியாவின் பெயரையும் வயதையும் தட்டிவிட்டு, மைக்கைச் சைத்தூன் பீவியிடம் நீட்டினாள்.

மெஷின் பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டது. சைத்தூன் பீவி புதுச் சம்பந்தியிடம் பேசுவதைப் போல நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். "சுகர்... இல்லைங்க. நெஞ்சு வலி... அவருக்கு அதெல்லாம்... கிடையாதுங்க."

சீக்கிரம் சொல்லித் தொலை, நீ முடிக்கிறதுக்குள் கத்தாரில் எண்ணெய் தீர்ந்துவிடும் என்று ஜன்னலோரத்திலிருந்து அதட்டல் வந்தது.

திரை சிவந்தது. 'இதயம். அவசரம். உடனே சேர்க்கவும்.'

அப்புறம் ஜெக்கரியாவை விடவில்லை. டாக்டர் கிளாட்சன் அவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார், எக்கோ எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். எடுத்த ரத்தத்தில் வெண்ணாறு கரை புரண்டிருக்கும். ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள், அவர் ஓடிய வேகத்துக்குத் தரையில் விட்டிருந்தால் மன்னார்குடி தாண்டியிருப்பார்.

எல்லாம் சுத்தம். ஆனாலும் சிவப்பு போகாமல் சர்டிஃபிகேட் அச்சாகாது. டாக்டர் கையால் எழுதினால் செல்லாது. நிர்வாகம் போட்டிருந்த புது விதி அப்படி.

ஜெக்கரியாவுக்கு வந்த கோபத்தில் ஒரு களத்து நெல்லையும் அடுப்பில்லாமல் அவித்திருக்கலாம்.

"உங்க மெஷின் அத்தனையும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லுது. இது ஒண்ணு மட்டும் இல்லங்குது. இங்க யாருங்க டாக்டரு? நீங்களா, அதுவா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. மெஷின் வந்திறங்கிய நாளிலிருந்து அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். காத்திருங்கள் என்று ஓட்டிய பாட்டு அவருக்கு மனப்பாடமான பிறகு ஸ்பீக்கரில் ஒருவன் கிடைத்தான். பெயர், வயது, எக்கோ எதையும் மெஷின் பார்க்காது, பேச்சுக்கு நடுவே மூச்சு எங்கே அறுபடுகிறது என்று மட்டுமே கவனிக்கும், இன்னொரு தடவை பேசச் சொல்லுங்கள் என்றான்.

ஜெக்கரியா மைக்கைப் பிடுங்கினார். கேள்விக்குக்கூடக் காத்திராமல், மெஷினையும் அதைச் செய்தவனையும் வாங்கி வைத்தவனையும் ஒரே தம்மில் திட்டித் தீர்த்தார்.

திரை நாற்றங்கால் மாதிரி பச்சையானது. 'நலம்.'

திட்டினால் தீருகிற இதய நோயை அரபு நாட்டில்கூடக் கண்டதில்லை என்று ஜெக்கரியா நீட்டி முழக்கினார். டாக்டர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மெஷினை இப்போதே கட்டித் திருப்பி அனுப்பச் சொன்னார். காலையில் அவ்வளவு பெருமை அடித்த அருள்செல்வி முகம் தொங்கிப்போய் ஒயரைக் கழற்றக் குனிந்தாள்.

ஜெக்கரியா சர்டிஃபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வா, கம்பெனிக்கு இதை அனுப்பணும் என்று மனைவியைக் கூப்பிட்டார்.

சைத்தூன் பீவி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க... போங்க. நான்... மெல்ல... வரேன்."

ஜெக்கரியா வாசல்படியிலேயே நின்றார். திரும்பி வந்து மனைவியை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தார். அப்புறம் அருள்செல்வியின் கையிலிருந்த ஒயரைப் பிடித்தார்.

"கழட்டாதம்மா. அது சரியாத்தான் சொல்லியிருக்கு. காலையில அதுகிட்ட பேசினது என் பொண்டாட்டி."