நண்டுகளிடம் தோற்ற அணி

யானை முதலாளி காசைக் கொட்டிச் சேர்த்த கபடி அணி, அரையிறுதியில் நண்டுகளிடம் தோற்றது.

"எதை மாத்தணும்?" என்று யானை பிளிறியது.

"பனியனை மாத்துங்க முதலாளி. நிறம் ராசியில்லை" என்றது புலி.

தண்ணீர் சுமக்கும் கழுதைக்குப் பொறுக்கவில்லை. "ஏழு பேருக்கும் பாடிப் போகத்தான் தெரியுது. பாடி வர்றவன் காலைப் பிடிக்க ஒருத்தனும் குனியலையே!"

"நான் புலிடா! எவன் காலையும் பிடிக்க மாட்டேன்."

"அப்படின்னா நீ கிளம்பு. அணியில இடமில்லை" என்றது யானை.

புலி பாய்ந்து யானையின் காலைக் கட்டிக்கொண்டது. "முதலாளி, என்னை மட்டும் அனுப்பிடாதீங்க!" மிச்ச மூன்று காலுக்கு மற்ற ஆறு பேரும் அடித்துக்கொண்டார்கள். யானையால் ஓர் அடி நகர முடியவில்லை.

"அடப்பாவிகளா, இந்தப் பிடி நேத்து எங்கடா போச்சு?" என்றது கழுதை.