உர்ர்ர் இரைச்சல்

மாப்பிள்ளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய வீடியோ கேம் பெட்டியைப் பிரித்து, உள்ளே புது போர்டு ஒன்றைப் பற்றவைத்து, பெரிய டிவியில் மாட்டிவிட்டார்.

“மாமா, ஓடி வாங்க! படம் சும்மா பளிங்கு! காதைக் குடைஞ்ச அந்த உர்ர்ர் இரைச்சலும் ஒழிஞ்சது!”

“அப்போ ஒரு கை பார்த்துடலாம்” என்று மாமனார் கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினார்.

அந்தப் பெட்டியின் குத்துச்சண்டை விளையாட்டில் மாப்பிள்ளை அவரை ஜெயித்ததே இல்லை. கேட்டால், ‘படம் மங்கல்’ என்பார்.

முதல் சுற்றிலேயே மாமனாரின் வீரன் மண்ணைக் கவ்வினான். அடுத்த சுற்றிலும் அதே கதி. மாப்பிள்ளை சோபா மேல் ஏறிக் குதித்தார்.

வேலையிலிருந்து திரும்பிய மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கண்ணு தெரியாத எங்கப்பாவை ஜெயிச்சதுக்கா இந்த ஆட்டம்?”

“இத்தனை வருஷமா என்னை ஓட ஓட அடிச்சவர்டி உங்கப்பா!”

மாமனார் டிவி பக்கம் காதைச் சாய்த்தார். “மாப்பிள்ளை, அந்த இரைச்சலை எதுக்கு எடுத்தீங்க? நீங்க குத்து ஓங்கினா அது கொஞ்சம் ஏறும். அதைக் கேட்டுத்தானே நான் விலகுவேன்!”

“அட! ஓங்கும்போது திரை மின்னும்ல, அதுதான் பழைய போர்டுல சத்தத்தோடயும் கலந்திருக்கு!” மாப்பிள்ளை சோபாவிலிருந்து குதித்து, மறுபடி பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தார். “இருங்க மாமா, இரைச்சலைத் திரும்பக் கொண்டு வந்துடறேன்!”

“கொண்டு வாங்க. அப்புறம் தோத்துட்டு, படம் மங்கல்னு சொல்லக் கூடாது!”