இரண்டு இட்லி

இட்லி அங்கேயே இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கறுப்புத் திரையில் வெளிச்சமாய் ஒரு திட்டு. காலையில் எடுத்த முதல் படத்தில் இருந்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையே தாண்டிவிட்டது.

கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி, கிளம்புவதாகவே தெரியவில்லை.

"இந்நேரம் எல்லாம் காலியாயிருக்கணும் சார். பாதிக்கு மேல அப்படியே நிக்குது" என்றாள் படமெடுக்கும் பெண்.

அவர் அவித்த இட்லி அது. வீட்டிலிருந்து இரண்டு இட்லி கொண்டுவாருங்கள், சட்னி சாம்பார் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதில் ஏதோ மருந்தைச் சொட்டுவிட்டுச் சாப்பிடக் கொடுத்தால், வயிற்றுக்குள் அது இருக்கும் இடம் படத்தில் தெரியுமாம். விடிகாலையில் தன் மெஸ் அடுப்பில் அவரே மாவை ஊற்றினார். மாஸ்டரைத் தொட விடவில்லை.

வத்தலக்குண்டில் அந்த இட்லிக்கு ஒரு பெயர் உண்டு. முதல் படம் எடுக்கும்போதே அந்தப் பெண்ணிடம், நம்ம இட்லி வயித்துல தங்காதும்மா, பஞ்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் வைத்திருந்தார்.

ஊருக்கெல்லாம் கரைந்தது. பெண்டாட்டிக்குக் கரையவில்லை.

பவுனம்மாளுக்கு இரண்டு வருஷமாக இந்தப் பாடு. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாகிவிடும். ராத்திரி தின்றது மறுநாள் அப்படியே வாந்தியாக வரும். அதுவும் மெஸ்ஸின் பின்கட்டில். கை கழுவ வருகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தார்கள். மெஸ்காரர் சம்சாரத்துக்கே அவர் சாப்பாடு ஒத்துக்கலையாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு.

அவருக்கு மானம் போயிற்று.

தேற்றுகிறேன் பேர்வழி என்று அவரும் என்னென்னவோ செய்தார். ஆட்டுக்கால் சூப்பு. முருங்கைக்கீரை. இட்லி மேல் குளம் கட்டி நல்லெண்ணெய். வேண்டாங்க என்று அவள் வாயை மூடிக்கொண்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். எல்லாம் வெளியே வந்தது.

வரவர அவருக்கு ஒன்று தோன்றிவிட்டது. இவள் வேண்டுமென்றே செய்கிறாள். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கிறாள்.

தோன்றியதைச் சொல்லியும் விட்டார். பரிமாறுகிற ஆட்கள் முன்னால்.

பவுனம்மாள் அழவில்லை. டாக்டர் படம் எடுக்கச் சொன்னாரே, எடுத்துப் பார்ப்போம் என்றாள்.

படத்தில் ஒன்றுமில்லை என்றால் நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார் அவர். அவளும் தலையாட்டினாள். எப்படியும் ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று, பெரியகுளத்தில் இருக்கும் மச்சான் தங்கமாயனுக்குப் போன் போட்டு, காரை எடுத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதும் அவர்தான்.

இன்றைக்கு எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். பல வருஷத்துச் சர்க்கரை, இரைப்பைக்குப் போகிற நரம்பைக் கெடுத்துவிட்டது. இரைப்பை பிசைவதில்லை, கீழே தள்ளுவதுமில்லை. முழுசாகக் குணமாகும் என்று சொல்ல முடியாது, ஆனால் சமாளிக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். கஞ்சி, குழைந்த சோறு, வடிகட்டிய ரசம்.

"எண்ணெ, கொழுப்பு, கீரையெல்லாம் வேண்டாம்மா. அதுதான் உள்ள ரொம்ப நேரம் கெடக்கும். யாரு வற்புறுத்தினாலும் சாப்பிடாதீங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பவுனம்மாளின் முகத்தைப் பார்த்தால் சீக்கு என்று கேட்டுவிட்டு வந்தவள் மாதிரியே இல்லை. வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தாள். ஒரு வியாதியைச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று அவர் நினைத்தார்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாடு.

"நாளையிலேருந்து ஒனக்குன்னு தனியாக் கஞ்சி வைக்கிறேன் பவுனு. நானே வைக்கிறேன்."

அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். கோபமாக இல்லை.

அவர் போனை எடுத்தார்.

"மச்சான், எங்க வந்துட்டு இருக்கீங்க? அவளுக்கு நெசமாவே வியாதிதானாம். தப்பு எம்மேலதான் மச்சான், நாந்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். நீங்க அப்பிடியே திரும்பிருங்க. நான் பாத்துக்கிறேன்."

மச்சானிடம் சொல்லிவிட்டார். பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பவுனம்மாள் கையை நீட்டினாள்.

அண்ணனுக்கு அவள் வாயாலும் சொல்லட்டும் என்று போனைக் கொடுத்தார்.

"அண்ணே" என்றாள். "திரும்பாத. மெதுவா வா. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."