நாலு வருஷக் கெடு

"நாளைக்கோ நாளன்னிக்கோ சாகப்போறவனுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வீடு?"

கடிகாரக்காரரின் மனைவி தையல் டேப்பைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியை அளந்தாள். நீளம் ஒன்றரை அடி, அகலம் ஓர் அடி. பழைய பெட்டியைப் போல இரண்டு மடங்கு.

"கடைசிக் காலத்துல காலை நீட்டிப் படுக்கட்டுமேன்னுதான்," என்றார் அவர்.

"எட்டுக் காலையுமா?"

கடிகாரக்காரர் காதில் விழாதவர் போலக் குளியலறைக் கதவின் அடி இடுக்கைத் துண்டால் அடைத்தார். தப்பி ஓட வழியில்லாதபடி தண்ணீர் போகும் துளையையும் மூடினார். புதுப் பெட்டியில் தேங்காய் நார்த்தூளைக் கொட்டி, அமுக்கி, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டையைக் கவிழ்த்து வைத்தார். பழைய பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு, மயிர் அடர்ந்த டரான்டுலா சிலந்தி ஒன்று, பேச்சு தன்னைப் பற்றியது இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் இவர்கள் இருவர். காற்றும் வெளிச்சமும் வருகிற இன்னொன்றில் சிலந்தி. தையல் மெஷினுக்குச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான் இடம். ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் தைக்கிறவள் எழுந்து நிற்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் சிலந்தி வந்த அன்றே பேசி முடித்தாயிற்று. அது போனதும் அறை அவளுக்கு. 'ஆண் சிலந்திதான், ஆணுக்கு மிஞ்சிப்போனா நாலு வருஷம்' என்று அவர் அன்றைக்கே சத்தியம் செய்திருந்தார்.

"ஆறு வருஷம் ஆச்சு," என்றாள்.

"கெட்டி ஆயுசு."

"நாலு வருஷத்துக்குன்னு வந்தவன் இன்னும் கெளம்பாம இருக்கான்னா என்னங்க அர்த்தம்?"

"எட்டுக் கண்ணையும் மூடணும்ல. நேரமாகும்."

அவள் சிரிக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"தீனி குறைஞ்சிருக்கா?"

"இல்லை."

"முடி கொட்டுதா?"

"எனக்குத்தான் கொட்டுது."

"நடை தளர்ந்திருக்கா?"

"சுமாரா…"

"கிழவனுக்கு உண்டான ஒரு லட்சணமும் இல்லை. நீங்க எதையோ முழுங்கறீங்க."

"அப்படிச் சொல்லாதே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி வீட்ல பத்து நாள் தங்கிட்டு வந்தேனே, அப்போ எப்படி இளைச்சுப் போயிருந்தான்! என்னைக் காணாம ஏங்கிட்டான், பாவம். நான் வந்து நின்னப்புறம்தான் தேறினான்."

அவள் டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள். சுருட்டிய டேப்பைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள்.

அவர் பழைய பெட்டியின் மூடியைத் திறந்தார். முப்பது வருடமாகக் கடிகாரங்களின் மயிரிழை ஸ்பிரிங்கைப் பிடித்துப் பழகிய கை, அவள் பார்வையின் கீழே டப்பாவுக்குப் பதில் தூரிகையை எடுத்தது. பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்ப்பதற்குள் சிலந்தி விளிம்புக்கே ஏறி, ஒரு காலை வெளியே போட்டுக் காற்றைத் தொட்டுப் பார்த்தது.

"நகருங்க," என்றாள்.

அவர் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கி, பின்னங்காலில் பூப்போல ஒரு தட்டு. சிலந்தி உள்ளே இறங்கியது. மேலே டப்பா, அடியில் அட்டை, ஒரு சாய்ப்பு. புது வீட்டுக்குக் குடித்தனம் வந்தாயிற்று. அவர் வாயை மூடுவதற்குள் அவள் பெட்டியை மூடிவிட்டாள்.

இப்போது சந்தேகம் அவர் பக்கம் வந்தது.

"கரப்பான்பூச்சியைக் கண்டா கட்டில் மேல ஏறுறவ நீ. இதை எங்கே கத்துக்கிட்ட?"

"ஜிப்பு வெச்சுத் தைக்கறதைவிடவா இது கஷ்டம்?" என்றாள், கொஞ்சம் அவசரமாகவே. "பேச்சை மாத்தாதீங்க. பெட்டியை மூடியாச்சு, நீங்க வாயைத் திறங்க. இது ஆண்தானா?"

"ஆண்தான்…"

"என் தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க."

கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

"பொண்ணு," என்றார் தரையைப் பார்த்து. "முதல் வருஷம் தோலை உரிச்சுப் போட்டப்பவே லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டேன். இன்னும் பதினஞ்சு, இருபது வருஷம் இருப்பா. அறை போயிடுமேன்னு பொய்யை அப்படியே ஓட்டிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், வாளி பறந்து வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று.

வாளி வரவில்லை. நிமிர்ந்தார். அவள் அதே வாளியின் மேல் உட்கார்ந்து புதுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ… நீங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்போ மல்லாந்து கெடந்துதே, அது ஆயுசு முடிஞ்சு இல்லையா?"

"எது மல்லாந்து கெடந்தது?"

"நாலு வருஷம் சரியா முடிஞ்சுதேன்னு சமையலறை ஜன்னல் பூந்தொட்டியில புதைச்சுட்டேங்க. நீங்க தாங்கமாட்டீங்களேன்னு அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி, கடைக்காரர்கிட்டயே பிடிக்கவும் பழகிக்கிட்டு வந்து வெச்சேன். திட்டறதை நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வருமேன்னுதான் விடாம திட்டினேன். இவனுக்கும் எப்போ முடியும்னு தெரிஞ்சா, அடுத்ததுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாமேன்னுதான் இன்னிக்குக் கேட்டேன்."

"அடிப்பாவி! மல்லாந்து படுத்தா செத்துப்போச்சுன்னு யாருடி சொன்னா? தோல் உரிக்கறப்போ அப்படித்தான் படுக்கும்!"

அவள் இரண்டு கால்களையும் தரையிலிருந்து மெதுவாக எடுத்து வாளியின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்போ மறுநாள் தொட்டி மண்ணுல இருந்த பொந்து… எலி தோண்டினது இல்லையா?"