மாதிரிப் பக்கம்

"இது யாருங்க?"

மனைவி நீட்டிய போனில், கல்யாண மண்டபங்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் அவள் கணவர் மாலையும் கழுத்துமாகச் சிரித்தார். அவர் தோளில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள்.

"மாதிரிப் பக்கம்மா. இப்பத்த ஜோடிங்களுக்கு இப்படி நெருக்கமா இருந்தாத்தான் பிடிக்குது. மாப்பிள்ளைக்கு ஆள் கிடைக்கல, என் மூஞ்சியையே போட்டுட்டேன்."

"பொண்ணு?"

"கம்ப்யூட்டர் வரைஞ்சது. அப்படி ஒருத்தி உலகத்துலயே கிடையாது."

"அடுத்த மாசம் பத்தாம் தேதின்னு போட்டிருக்கே?"

"சும்மா ஒரு தேதி. உன்மேல சத்தியம்!"

சொன்னவர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவள் போனை அவர் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. இது அவளோட போன். அரை மணி நேரமா நம்ம ஹால்லதான் உக்காந்திருக்கா. ஆமா, நான் உங்க அக்காவாமே?"