முப்பத்திரண்டு மணித்தியாலம்

அன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பின், பதுளை ஹாட்வெயார் கடையொன்றில் கூடியிருந்தவர்கள் ஐவர். முதலாளி புஹாரி, பில் எழுதும் ஸஜீதா, பெயின்ட் விற்கும் மாரிசாமி, பின்பக்கத்து ஸ்டோருக்குப் பொறுப்பான கிருஷ்ணராஜ் ஆகிய நால்வரும் நேரில் இருந்தார்கள். ஐந்தாமவரான விரிவுரையாளர் யசோதினி, பெயின்ட் வாளியொன்றில் சாய்த்து வைக்கப்பட்ட கைப்பேசியின் திரையில், கொழும்பிலிருந்து தெரிந்தார்.

கிருஷ்ணராஜ் வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வளாகத்தில் வகுப்பு; மற்றவை புதன், வெள்ளி வேலை நேரத்தில், கடையின் மாடி அறையிலிருந்து, கைப்பேசி வழியாக.

இறுதி ஒப்படை இதுதான்: வேலைத்தலத்தில் வீணாகும் உழைப்பைக் கண்டறிந்து பரிகாரம் சொல்ல வேண்டும். முதலாளி அதை ஏற்றுக் கையொப்பமிட்டால், மேலதிகமாகப் பத்துப் புள்ளிகள்.

கிருஷ்ணராஜ் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"என்ன தம்பி, கல்யாணமா?" என்றார் புஹாரி.

"ஆய்வைச் சமர்ப்பிக்கிற நாள், முதலாளி."

"சரி, சொல்லுங்க கிருஷ்ணராஜ்," என்றார் யசோதினி.

"எட்டு வாரத்துக் கெமரா பதிவைப் பார்த்தேன், மேடம். ஊழியர் ஒருத்தர் மொத்தம் முப்பத்திரண்டு மணித்தியாலம் தன்னோட இடத்துல இல்ல. ஆய்வு நெறிமுறைப்படி பேரைச் சொல்லக்கூடாது. பெயின்ட் பகுதி ஊழியர்னு மட்டும் வச்சிக்குவோம்."

"பெயின்ட்டுக்கு இருக்கிறது நான் ஒருத்தன்தானே, தம்பி," என்றார் மாரிசாமி.

ஸஜீதா பில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"குறுக்க பேசாதீங்கண்ணே. ஆய்வு நடந்துக்கிட்டிருக்கு."

புஹாரி மூக்குக்கண்ணாடியை மேலேற்றினார். "முப்பத்திரண்டா? நாலு நாள் வேலையாச்சே!"

"அதேதான், முதலாளி. பரிகாரம் ரொம்ப லேசு. அப்படி ஒரு ஆளே தேவையில்ல. ஸஜீதாவே பெயின்ட்டையும் பார்த்துக்கலாம்."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, அண்ணே. அதையும் ஆய்வுல எழுதுங்க."

மாரிசாமிக்கு வயது ஐம்பத்தாறு. அந்த வயதில் பதுளையில் வேறெந்தக் கடையும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது என்பதை அங்கிருந்த நால்வரும் அறிவார்கள்.

"மாரிசாமி, கேக்குறேன் பாருங்க. எங்க போறீங்க?"

"எங்கயும் போகல, முதலாளி. இங்கதான், அக்கம்பக்கம்."

"அக்கம்பக்கம்னா? டீக்கடையா?"

"அப்படியே வச்சிக்குங்க."

ஸஜீதா பேனாவை மேசைமீது வைத்தார். "முதலாளி, அவரு டீக்கடைக்கு ஒண்ணும்..."

"நீ பில்லப் பாரு, புள்ள," என்று மாரிசாமி இடைமறித்தார்.

யசோதினி தொண்டையைச் செருமினார். "கிருஷ்ணராஜ், அவர் எங்க போறார்னு நீங்க பார்த்தீங்களா?"

"கெமரா பெயின்ட் பகுதியை மட்டுந்தான் காட்டும், மேடம். மிச்சம் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பன்னிரண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"உங்க படிப்பால ஸ்டோர் வேலை கெடுதான்னும் எழுதச் சொன்னேனே?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கிருஷ்ணராஜ் பக்கத்தைப் புரட்டினார்.

"கெடவே இல்ல, மேடம். எட்டு வாரமா, வகுப்பு நேரத்துல ஒரு ஆள்கூட என்னைத் தேடி வரல. ஒரு தகரம் வேணும், ஒரு பைப் வேணும்னு யாரும் கதவைத் தட்டல. அந்த நேரத்துல ஸ்டோருக்குத் தேவை பூச்சியம். வரைபடமே போட்டிருக்கேன்."

வரைபடத்தில் ஒரு கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. புஹாரி அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் அது கோடாகவே இருந்தது.

"பகல்ல நான் கடையில இருக்கிறதில்ல," என்றார் அவர். "இன்னைக்கு இதுக்காகத்தான் வந்தேன். கெமரா ஒண்ணு சொல்லும்போது நான் வேற என்னத்தச் சொல்ல?"

பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"இந்த மாசத்தோட முடிச்சிக்குவோம், மாரிசாமி. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க."

மாரிசாமி தலையை அசைத்தார்.

"முதலாளி, இங்க ஒரு கையொப்பம்," என்று கிருஷ்ணராஜ் கடைசிப் பக்கத்தை நீட்டினார்.

அதற்குள் யசோதினி குறுக்கிட்டார். "நேரம் மூணாகுது. வெள்ளிக்கிழமை வகுப்பை நான் தொடங்கணும். கையொப்பத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. உடனே வகுப்புக்கும் வாங்க."

திரை அணைந்தது. கிருஷ்ணராஜ் கைப்பேசியை எடுத்து, ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

வாசலில் ஒரு தோட்டத்து லொறி வந்து நின்று ஹோர்ன் அடித்தது.

"மாரிசாமி அண்ணே!" என்று லொறிக்காரர் உரக்கக் கூவினார். "புதன்கிழமை ஸ்டோர்லருந்து எடுத்துக் குடுத்தீங்களே, அதே தகரம். இன்னும் இருபது வேணும்!"

கிருஷ்ணராஜின் மற்றக் கால் தரையிலேயே நின்றுவிட்டது.

புஹாரியின் பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. பேனாவுக்கு நேர் கீழே, தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: 'ஊழியர் இடத்தில் இல்லாத நேரம்: புதன், வெள்ளி, பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை.'

புஹாரி மெல்லத் தலையை உயர்த்தி, மாடிப்படியைப் பார்த்தார்.

மாரிசாமி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. சத்தம் போடவேண்டாம் என்று உதட்டில் விரல் வைத்து லொறிக்காரருக்குச் சைகை காட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய ஸ்டோர்ச் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.